டைட்டானியத்துக்கு ஒரு கோட்டு பெயிண்ட்

சித்தே நகர்ந்து உட்காருங்க. போதுமுங்க, எனக்கு இந்த எடம் போதும். இதுங்களா? சைக்கிள் பிரேமுங்க. பெட்ஷீட்டுல சுத்திக் கொண்டாந்திருக்கேன். சக்கரம், ஹேண்டில், சீட்டு ஒண்ணும் கிடையாது. வெறும் எலும்பு. பார்க்கத்தான் பெருசா இருக்குது, தூக்கிப் பாருங்க, ஒரு விரல்ல தூக்கிடலாம். கீழ வெக்க மனசில்லாம மடியில வெச்சிருக்கேன்.

நீங்க என்ன, ஊஞ்சல் கம்பியா? மக வீட்டுக்குங்களா? நல்லது. என்ன கலர் சொல்லியிருக்கீங்க? வெள்ளையா! வெள்ளை வேண்டாமுங்க. கை புடிக்கற எடம் ஆறே மாசத்துல கருத்துப்போயிடும். ஐவரி சொல்லுங்க. கடைக்கார ரத்தினம் வெளிய வந்தா நானே சொல்றேன், நீங்க பேசாம இருங்க. பம்ப் கம்பெனியில பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசருங்க நான், முப்பத்தெட்டு வருஷம். நாச்சிமுத்துன்னு கேட்டா கணபதி ஏரியாவுல பாதிப்பேருக்குத் தெரியும். பெயிண்ட் விஷயத்துல என் பேச்சை யாரும் தட்டினதில்லை.

உள்ள பவுடர் பெயிண்ட் தூவி ஓவன்ல ஒரு கேட்டு வேகுது. முக்கால் மணி நேரம் ஆகும்னாரு ரத்தினம். ஆகட்டுமுங்க, எனக்கும் அவசரமில்லை. அவசரமில்லைன்னு சொல்லக்கூடாது. அவசரந்தான். இந்நேரம் நான் குனியமுத்தூர்ல இருக்கணும். ஜெரால்டுன்னு ஒரு பையன், என் மகனோட சிநேகிதன், மூணு மணிக்குக் கொச்சிக்குக் கார்ல கிளம்பறான். அங்கிருந்து பிளைட்டு, ஹாலந்துக்கு. அவன்கிட்ட இந்தப் பிரேமைக் குடுத்துவிடணும். அங்க என் பையன் தரணி வாங்கிக்குவான். வீட்டுல இருந்து நேரா குனியமுத்தூருக்குத்தான் கிளம்பினனுங்க. ஸ்கூட்டர்ல முன்னாடி நிறுத்தி, ஒரு கையில புடிச்சுக்கிட்டு. என்னமோ வண்டி இந்தப் பக்கம் திரும்பிடுச்சு.

விஷயம் இவ்வளவுதானுங்க. இதுக்குப் பெயிண்ட் அடிச்சு அனுப்பறதா, அப்படியே அனுப்பறதா? ரெண்டு வாரமா இதே யோசனை. சோறு இறங்கலை. கேக்காத ஆளில்லை. ஆர்.எஸ்.புரத்துல பெரிய சைக்கிள் கடைக்காரர் ஒருத்தர், அவரு சொல்றாரு, ‘டைட்டானியத்துக்குப் பெயிண்டே வேண்டாமுங்க, சோப்புத் தண்ணி தொட்டுப் பாத்திரம் தேய்க்கற பச்சை நார்ல ஒரே பக்கமா இழுத்துத் தேயுங்க, கீறல் அடங்கிடும்’னு. என்கூட வேலை பார்த்த அங்கண்ணன் சொல்றான், ‘கருப்பு அடிச்சுத் தள்ளு, கருப்புல எல்லாம் மறைஞ்சுடும்’னு. என் ஊட்டுக்காரி சாந்தாமணி சொல்றா, ‘சாமி, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், தொடாம குடுத்துத் தொலைங்க’னு. ஆளுக்கொண்ணு சொன்னா நான் எதைக் கேக்கறது?

தரணிகிட்டயா? அவன்கிட்டக் கேக்கலீங்க. அவன்கிட்டக் கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவான். அப்பறம் எப்படி அடிக்கறது?

பிரிச்சுக் காட்டறேன், பாருங்க. சாம்பல் கலர்ல இருக்குதா? இது இரும்பில்லை, அலுமினியமில்லை. என் பையனைவிட இது ரெண்டு வயசு மூப்பு. ஓசூர்ல வேலை பார்த்த ஒரு ஜப்பான்காரர் ஓட்டினதாம். அவரு ஊருக்குப் போகும்போது வித்துட்டுப் போயிருக்காரு. அது நாலு கை மாறி, பெங்களூர்ல கிடந்து, என் பையன் வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாசாமாசம் எடுத்து வெச்சு வாங்கிட்டு வந்தான். வீட்டுக்குள்ள கொண்டாந்த அன்னிக்கு நான் கேட்டேன், ‘ஏன் கண்ணு, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டானா?’ன்னு. அவன் சிரிச்சான். ‘இது இப்படித்தாங்கப்பா இருக்கும், இது துருப்பிடிக்காது’ன்னான். துருப்பிடிக்காத உலோகம் எதுங்க ஒலகத்துல? நான் பார்க்காததா? எனக்கு அது அம்மணமா நிக்கற மாதிரியே இருந்துச்சு. ஒறம்பரை, சொந்தம்னு யாராச்சும் வந்தா போர்ட்டிகோவுல அது நிக்கறதைப் பார்த்து எனக்குக் கூச்சம்.

அவனுக்கு அது உசிரு. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள மருதமலைக்குப் போயிடுவான். வந்து பழைய பனியன் துணியில துடைப்பான், பச்சைக் குழந்தைக்குத் துவட்டற மாதிரி. நான் பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பேசிக்கறதில்லை. ஆனா நல்லா இருந்துச்சுங்க அது.

சரி, கீறலுக்கு வர்றேன்.

மூணு வருஷத்துக்கு முந்தி ஆயுதபூஜை. எங்க கம்பெனியில ஒரு வழக்கமுங்க. ஆயுதபூஜைக்கு முந்தி நாலு நாள் மிஷினையெல்லாம் கழுவித் தொடைச்சு ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சுடுவோம். லேத்து, டிரில்லிங், தள்ளுவண்டி, குப்பைக்கூடைகூட விடமாட்டோம். பெயிண்ட் வாசம் வந்தாத்தான் எங்களுக்குப் பூஜை. ரிட்டையர் ஆன பொறவு அதை நான் வீட்டுல வெச்சுக்கிட்டேன். கேட்டு, தண்ணித் தொட்டி மூடி, கிரைண்டர் ஸ்டாண்டு, கொடி கட்டற கம்பி, எல்லாம். அந்த வருஷம் தரணி ஆபீஸ் வேலையா பெங்களூருக்கு நாலு நாள் போயிருந்தான். சைக்கிள் போர்ட்டிகோவுல நின்னுச்சு. எல்லாத்துக்கும் அடிச்சுட்டு பையனோட சாமானை மட்டும் விட்டா நல்லா இருக்குமாங்க? வீட்டுப் புள்ளையில ஒண்ணுக்கு மட்டும் புதுத்துணி எடுக்காத மாதிரி ஆயிடாது?

முறையாத்தான் பண்ணினேன். சக்கரம் எல்லாம் கழட்டி வெச்சுட்டு, உப்புத்தாள் போட்டு உடம்பு முழுக்க இழுத்தேன். கொஞ்சம் கீறல் இருந்தாத்தான் பெயிண்ட் புடிக்கும், வழுவழுன்னு இருந்தா நிக்காது, அது தொழில். ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு அசிங்கமா இருந்துச்சு, அதையும் சுரண்டி எடுத்தேன். அடிக்கோட்டா ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு. மேல எனாமல் ரெண்டு கோட்டு, எங்க கம்பெனிப் பம்பு பச்சை. அந்தப் பச்சை கிணத்துக்குள்ள தண்ணில கிடந்தாலும் இருபது வருஷம் நிக்கும். கை வலி இருந்துச்சு அப்ப எனக்கு. அதோட பண்ணினேன். சந்தனம், குங்குமம் வெச்சு, சாமந்தி மாலை போட்டு நிறுத்தினேன் பாருங்க, சாந்தாமணிகூட ஒரு நிமிஷம் பார்த்துட்டு நின்னா. அவ முகம் ஒரு மாதிரியா இருந்துச்சு. சந்தோசம்னு நினைச்சனுங்க.

பூஜை அன்னிக்குக் காலையில வந்தான். பையைத் தோள்ல இருந்து எறக்கலை. பார்த்தான். பார்த்துக்கிட்டே நின்னான். ‘எப்படி கண்ணு?’ன்னேன். ‘ம்’ன்னான். குளிச்சுட்டு வந்தான், சாமி கும்புட்டான், பொரி கடலை குடுத்தேன், வாங்கித் தின்னான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. எம்புள்ளை அப்படிங்க. நான் பெருமைக்குச் சொல்லலை, அவன் பொறந்ததுல இருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. படம் வரையற காலேஜுக்குப் போறேன்னான், வேண்டாம் கண்ணு, மெக்கானிக்கல் எடுன்னேன், எடுத்துட்டான். பாலக்காட்டுப் புள்ளை ஒருத்தியைப் புடிச்சிருக்குதுன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கான். கூப்பிட்டு நல்ல விதமா எடுத்துச் சொன்னேன், சரின்னு விட்டுட்டான். அதெல்லாம் அவன் அப்பவே மறந்துட்டான். அந்த மாதிரிப் புள்ளை ஒரு கோட்டு பெயிண்டுக்குப் போய் இப்படிப் பண்ணுவானா, நீங்களே சொல்லுங்க.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்ததும் பிரேமைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனான். தின்னர் வாசம் கீழ வரைக்கும் வந்துச்சு. அப்பறம் சரக்கு சரக்குன்னு சத்தம். தின்னர்ல பச்சை போச்சு, ரெட் ஆக்சைடு போகலை. வெல்டிங் மடிப்புல எல்லாம் போய் உட்கார்ந்துக்கிச்சு. நான் அடிச்ச அடி அப்படி. கம்பி பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சான். பதினோரு நாளுங்க. தினமும் சாயங்காலம் அந்தச் சத்தம். எனக்கு டிவி பார்க்க முடியலை, சாமி படத்துக்கு முன்னாடி நிக்க முடியலை. நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ மேல ஏறிப் போனேன். ‘ஏன் கண்ணு, பச்சை புடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே? நீலம் அடிச்சுத் தர்றேன்’ன்னேன். அவன் நிமிரலை. ‘நீங்க கீழ போங்கப்பா’ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். விரல்ல எல்லாம் ரத்தம்.

அந்தக் கீறல்தானுங்க இது. பாருங்க, குறுக்கும் நெடுக்குமா, பூனை பிறாண்டின மாதிரி. என் உப்புத்தாள் பாதி, அவன் பிரஷ் பாதி. இந்த மடிப்புக்குள்ள பாருங்க, இன்னும் கொஞ்சம் பச்சை இருக்குது. அந்த ஸ்டிக்கர் முப்பது வருஷத்துப் பழசாம், இனி எங்க தேடினாலும் கிடைக்காதாம். அதை ஜெரால்டு பின்னாடி சொன்னான். எனக்கென்ன தெரியும்? யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நான் தொடுவனா? பிள்ளையார் புடிக்கக் குரங்காப் போச்சு.

அதுக்கப்பறம் அவன் அந்தச் சைக்கிளை ஓட்டவே இல்லைங்க. சக்கரத்தை மாட்டலை. அவன் ரூம் செவுத்துல ஆணி அடிச்சு இதை மாத்திரம் தொங்கவிட்டான். தை மாசம் ஹாலந்துல வேலை கிடைச்சுருச்சு, போயிட்டான். அவங்கம்மாகிட்ட வாரம் ரெண்டு தடவை பேசறான். நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன். ‘அப்பா எப்படி இருக்கார்?’னு கேப்பான். ‘இங்கதான் இருக்கார், குடுக்கட்டுமா?’ம்பா அவ. ‘இல்லம்மா, வேலை இருக்கு’ம்பான். மூணு வருஷமா வேலை இருக்குதுங்க. ஒரு கோட்டு பெயிண்டுக்கு! பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?

ஆனா நான் நம்பிக்கையை விடலை. ஏன்னா, துணிமணி, புஸ்தகம், எல்லாம் எடுத்துட்டுப் போனவன் இதை மட்டும் விட்டுட்டுப் போனான் பாருங்க. உசிரா வெச்சிருந்த பொருளு. அப்ப இதை எடுக்க வருவான்னுதானே அர்த்தம்? தினமும் காலையில அந்த ரூமைத் தொறந்து ஒரு தடவை பார்த்துக்குவேன். துரு வந்திருக்குதான்னு பார்ப்பேன். மூணு மழைக்காலம் போச்சுங்க, ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கற எடம், ஒரு புள்ளி துரு இல்லை. முப்பத்தெட்டு வருஷம் உலோகத்தோட பொழங்கினவன் நான். பெயிண்ட் இல்லாம, யார் தயவும் இல்லாம, அது பாட்டுக்கு இருக்கற உலோகத்தை இப்பத்தான் பார்க்கறேன். எனக்கு அது மேல கோவமாக்கூட வந்துச்சு.

அப்படி இருக்கறப்பத்தான் ரெண்டு வாரத்துக்கு முந்தி அவங்கம்மாவுக்கு மெசேஜ் போட்டிருக்கான். ஜெரால்டு வர்றான், அவன்கிட்டப் பிரேமைக் குடுத்துவிடுன்னு. கூடவே, ‘அப்பா ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்படியே அனுப்பச் சொல்லு’ன்னு.

ஒண்ணும் பண்ண வேண்டாமாம். அப்பனைப் பார்த்துச் சொல்ற வார்த்தையாங்க அது? இந்தக் கோலத்துல அனுப்பினா, அவன் அங்க ஒவ்வொரு தடவை ஏறி உட்காரும்போதும் நான் பண்ணினதுதானே கண்ணுல படும்? நல்லா மணல் பீச்சி பிளாஸ்டிங் பண்ணி, பவுடர் கோட்டிங் குடுத்து, பளபளன்னு அனுப்பினா கீறலெல்லாம் உள்ள போயிடும். அவனும் மறந்துடுவான். அப்படின்னு ஒரு மனசு. ஐயோ, மறுபடியும் பெயிண்டான்னு அவன் நினைச்சுட்டா? அப்படின்னு ஒரு மனசு. இந்தக் கையால எடுத்தாலும் தப்பு, அந்தக் கையால எடுத்தாலும் தப்பு. கெரகம் புடிச்சுப்போச்சுங்க எனக்கு.

ரத்தினம் ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டாரு. பழைய பெயிண்டை மடிப்புக்குள்ள இருந்து எடுக்கணும், இதுக்குன்னு தனி பிரைமர் வாங்கணும். ஒரு வாரம் ஆனா ஜெரால்டு போயிடுவான். பிரேமு இங்கயே இருக்கும். வேற ஆள் யாராச்சும் வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கும். இல்லைன்னா அவனே வந்து…

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? நான் அதுக்காக ஒண்ணும் இங்க வரலை. கீறலுக்காகத்தான் வந்தேன்.

இருங்க, போன். ஜெரால்டுதான். சித்தே இருங்க.

ஹலோ, சொல்லு கண்ணு… கிளம்பிட்டேன்தான், ஆனா… இல்லை கண்ணு, என்ன ஆச்சுன்னா, பிரேமைக் கடையில குடுத்துட்டேன். பவுடர் கோட்டிங்குக்கு… ஆமா, ஓவனுக்குள்ள போயிடுச்சு. இனி வெளிய எடுக்க முடியாது… ஒரு வாரம் ஆகுமாம்… நீ தரணிகிட்டச் சொல்லிடு. அவனை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லு. என்கிட்டயே கேக்கச் சொல்லு. சரி கண்ணு, பத்திரமாப் போ.

தெரியுமுங்க. பொய்தான். பிரேமு மடியில இருக்குது, ஓவன்ல இருக்குதுன்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. இப்ப ஜெரால்டு அவனைக் கூப்பிட்டுச் சொல்லுவான். தரணிக்குக் கோவம் வரும். வரட்டுமுங்க! நேரா எனக்குப் போன் பண்ணுவான். ‘அறிவிருக்குதாங்கப்பா உங்களுக்கு’ன்னு கத்துவான். கத்தட்டும். முப்பத்தோரு வருஷத்துக்கும் சேர்த்து வெச்சுக் கத்தட்டும். நான் ஒண்ணும் திருப்பிச் சொல்லமாட்டேன். போனைக் காதுல வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். திட்டறதுக்காச்சும் அவன் குரல் வேணுமுங்க எனக்கு. திட்டி முடிச்சுட்டு, ‘தொடாதீங்க, நானே வந்து எடுத்துக்கறேன்’னு சொல்லுவான் பாருங்க. சொல்லுவான். அவனுக்கு அது உசிரு.

அங்க இப்ப காலையில பத்தரை, பதினொண்ணு இருக்கும். எடுத்துடுவான்.

டீ சொல்லட்டுமா உங்களுக்கு? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். பிரேமை அந்தப் பக்கம் சித்தே புடிச்சுக்குங்க. போனைக் கையிலயே வெச்சுக்கறேன். சார்ஜ் இருக்குது. சத்தமும் இருக்குது. கால் மணி நேரம் ஆச்சா? ஆகியிருக்கும். பேசிக்கிட்டு இருப்பாங்க.

வந்துடுச்சு. வந்துடுச்சுங்க.

ஜெரால்டா… சொல்லு கண்ணு. தரணி என்ன சொன்னான்? ரொம்பக் கோவமா இருக்கானா?… கோவமில்லையா?… என்ன சொன்னான், அவன் சொன்னதை அப்படியே சொல்லு… ம்… ம்… இல்லை, கேக்குது. இங்கதான் இருக்கேன்… வேற பார்த்து வெச்சிருக்கானா?… கண்ணு, நான் சொல்றதைக் கேளு. பிரேமு என் மடியிலதான் இருக்குது. ஓவனுக்குப் போகலை. பெயிண்ட் ஒரு சொட்டுப் படலை. நான் பொய் சொல்லிட்டேன். நீ வண்டியை ஓரமா நிறுத்து, நான் ஸ்கூட்டர்ல வந்துடறேன்… மதுக்கரை தாண்டிட்டியா? பரவால்லை, வர்றேன்… பொட்டியில போடாம பிளைட்டுல ஏத்த மாட்டாங்களா? நான் பெட்ஷீட்டு சுத்தியிருக்கேனே… சரி. சரி கண்ணு. உனக்கு நேரமாகுது. வெச்சுடறேன். அவனுக்கு… ஒண்ணுமில்லை. வெச்சுடறேன்.

கோவமே படலையாமுங்க.

‘பரவால்லை, அப்பாவே வெச்சுக்கட்டும். அவருக்கு என்ன தோணுதோ அடிச்சுக்கட்டும்’னானாம். அங்கயே ஒரு சைக்கிள் பார்த்து வெச்சிருக்கானாம், நாளைக்குப் போய் வாங்கிக்குவானாம். சிரிச்சுக்கிட்டே சொன்னானாம். எனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு ஜெரால்டு அதைச் சந்தோசமாச் சொல்றான். ‘கவலைப்படாதீங்க அங்கிள், அவன் ஒண்ணும் நினைச்சுக்கலை’ங்கறான்.

விடுங்க, புடிச்சது போதும். நான் வெச்சுக்கறேன்.

ரத்தினம் வர்றாரு. கேட்டு வெந்துடுச்சாட்ட இருக்குது. இல்லீங்க ரத்தினம், இவரு ஊஞ்சலை முதல்ல பாருங்க, இவருக்கு… உங்களுக்கு என்ன கலர் வேணுமோ அதையே சொல்லுங்க, வெள்ளைன்னா வெள்ளை. என்னதுங்களா? எனக்கு என்ன கலரா?

ஏனுங்க, நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன். எது வேணாலும் அடிக்கலாமுங்க. இனிமே யாரும் சுரண்ட வரமாட்டாங்க.